வீடு சொந்தம், அடிமனை வாடகை

அமெரிக்காவில் 'மொபைல் ஹோம்' என்று ஒரு வகை வீடு உண்டு. தொழிற்சாலையில் முழுதாகச் செய்து, அடியில் அச்சும் சக்கரமும் பூட்டி, லாரியில் இழுத்துவந்து நிறுத்துவார்கள். ஏறத்தாழ 2 கோடிப் பேர் அந்நாட்டில் இப்படிப்பட்ட வீடுகளில் வாழ்கிறார்கள். பண்ணைத் தொழிலாளர்கள், ஓய்வூதியம் வாங்கும் முதியவர்கள், தெற்கு மாநிலங்களின் கறுப்பினக் குடும்பங்கள், மெக்சிகோவிலிருந்து வந்த உழைப்பாளிகள், ஏழை வெள்ளையர்கள் எனப் பலரும் இதில் அடக்கம். வழக்கமான வீட்டைவிட விலை மிகக் குறைவு என்பதால், ஏழைகளின் வீட்டுப் பிரச்சினைக்குத் தொழிற்சாலையே தீர்வு என்று அங்கே ஒரு பேச்சு நெடுநாளாக ஓடுகிறது.

நிலமும் வீட்டுமனையும் பற்றிப் பேசும் நாம் இந்த வீட்டை ஏன் கவனிக்க வேண்டும்? சுவரையும் கூரையையும் விட்டுவிட்டு, தரைக்கு அடியில் குனிந்து பார்த்தால் காரணம் தெரியும். அந்த வீடு எதன்மேல் நிற்கிறது என்பதில்தான் அதில் வாழ்பவரின் உரிமை எவ்வளவு என்ற கணக்கும் இருக்கிறது. அந்தக் கணக்கு நமக்குப் புதிதல்ல.

முதலில், வீடு எப்படி நிற்கிறது என்று பார்ப்போம்.

ஒற்றை வீடு என்றால் சுமார் 14 முதல் 18 அடி அகலம், 60 முதல் 80 அடி நீளம் இருக்கும். அதன் முழு எடையையும் அடியில் நீளவாக்கில் ஓடும் இரண்டு இரும்பு பீம்கள் சுமக்கின்றன. மனையில் கொண்டுவந்து நிறுத்தியதும் பீம்களுக்கு அடியில் ஏறத்தாழ 8 அடிக்கு ஒன்றாகத் தூண் எழுப்புவார்கள். தூண் என்றால் நம் ஊர் தூண் அல்ல. மண்ணைக் கெட்டித்து, கான்கிரீட் பலகை ஒன்றைப் போட்டு, அதன்மேல் ஹாலோ பிளாக் கற்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்குவது. பெரும்பாலும் சாந்துகூடப் பூசுவதில்லை. உச்சியில் ஒரு மூடிக்கல். மூடிக்கும் பீமுக்கும் நடுவே உள்ள சந்தில் இரண்டு பக்கமிருந்தும் ஜோடியாக ஆப்பு அடித்து இறுக்குவார்கள். ஜாக்கி வைத்து ஏற்றி இறக்கி, தண்ணீர் நிரப்பிய குழாயால் மட்டம் பார்ப்பார்கள். நம் கொத்தனார்கள் டியூப் பிடித்து மட்டம் பார்க்கும் அதே முறைதான். சக்கரத்தையும் அச்சையும் பெரும்பாலும் அப்போதே கழற்றிவிடுவார்கள்.

இதற்கு அங்கே விரிவான விதிகள் உண்டு. தூண் 36 அங்குலம் வரை ஒற்றை வரிசைக் கல்லில் நிற்கலாம். அதற்கு மேல் 67 அங்குலம் வரை இரட்டை வரிசையாக, ஒன்றோடொன்று பின்னி அடுக்க வேண்டும். அதையும் தாண்டினால் பொறியாளர் வரைபடம் வேண்டும். வீட்டைச் சுற்றி முதல் 10 அடிக்கு, அடிக்கு அரை அங்குலம் வீதம் தரை வெளிப்பக்கம் சரிந்திருக்க வேண்டும். மழைநீர் அடியில் தேங்கக் கூடாது. குளிர் மாநிலங்களில் அடிக்கல்லை மண் உறையும் ஆழத்துக்குக் கீழே இறக்க வேண்டும். இல்லாவிட்டால் மண்ணில் உள்ள நீர் உறைந்து விரிந்து தூணையே மேலே தள்ளும். காற்றுக்கு வீடு கவிழாமலிருக்க இரும்புப் பட்டைகளால் பீமைக் கட்டி, மண்ணுக்குள் திருகி இறக்கிய நங்கூரக் கம்பிகளோடு பிணைக்க வேண்டும்.

விதிகள் நல்லவை. ஆனால் அவை எப்போது வந்தன என்று பாருங்கள். தொழிற்சாலை வீட்டுக்கான கூட்டரசுத் தரவிதி 1976 ஜூனில் நடைமுறைக்கு வந்தது. சுவர், மின்கம்பி, தீத்தடுப்பு எல்லாம் அதில் இருந்தன. 1992இல் ஆண்ட்ரூ புயல் தெற்கு ஃபுளோரிடாவில் இந்த வீடுகளைச் சிதறடித்த பிறகு, 1994இல் காற்றைத் தாங்கும் விதியைக் கடுமையாக்கினார்கள். ஆனால் வீட்டை மண்ணில் எப்படி நிறுத்துவது என்பதற்கு நாடு முழுமைக்குமான குறைந்தபட்ச விதி வேண்டும் என்று சட்டம் சொன்னது 2000இல்தான். விதி எழுதி நடைமுறைக்கு வர மேலும் பல ஆண்டுகள் ஆயின. அதுவரை மாநிலத்துக்கு ஒரு வழக்கம். ஆலைக்குள் உருவாகும் பொருளுக்கு முதலில் சட்டம் வந்தது. ஏழையின் காலடி மண்ணுக்குக் கால் நூற்றாண்டு கழித்து வந்தது. அந்த விதியும் புதிய வீட்டை முதல்முறை நிறுத்தும்போதுதான் பொருந்தும். பிறகு நடப்பது பெரும்பாலும் குடியிருப்பவர் பாடு.

பிறகு என்ன நடக்கும்? மண் அசையும். மழையில் இளகும், வெயிலில் சுருங்கும். ஒரு தூண் அரை அங்குலம் இறங்கினால் போதும், கதவு நிலையில் உரசும், சன்னல் பாதியில் சிக்கும், சுவர்ப்பலகை மூட்டில் விரிசல் ஓடும். கவனிக்காமல் விட்டால் தரைக்கு அடியில் போகும் தண்ணீர்க் குழாய் இணைப்பு விடும். ஒழுகிய தண்ணீர் அடுத்த தூணின் மண்ணையும் இளக்கும். ஆகவே சில ஆண்டுகளுக்கு ஒருமுறை ஆள் வைத்து, ஜாக்கி போட்டு, ஆப்பைத் தட்டி மட்டம் சரிசெய்ய வேண்டும். ஏழைக்கு இது பெரிய செலவு. காசில்லாதவர் தள்ளிப்போடுகிறார். தள்ளிப்போடப் போட வீடு முறுக்கிக்கொள்கிறது. கடைசியில், "இந்த வகை வீடே மட்டம்தான், அந்த மக்கள் வீட்டைப் பேணத் தெரியாதவர்கள்" என்ற பேச்சு வருகிறது. சேரியில் சாக்கடை கட்டாமல் விட்டுவிட்டு, சேரி மக்கள் சுத்தமில்லாதவர்கள் என்று சொல்வதை நாம் கேட்டதில்லையா? அதே வாய்தான்.

இனி சட்டம் இந்த வீட்டை என்னவாகப் பார்க்கிறது என்று கவனிப்போம். இளம் தோழர்கள் கூர்ந்து படிக்க வேண்டிய இடம் இதுதான்.

பெரும்பாலான மாநிலங்களில் இந்த வீடு முதலில் அசையும் சொத்து. காருக்கு இருப்பதுபோல அதற்கு ஓர் உரிமைச் சான்று. பல மாநிலங்களில் அந்தச் சான்றைக் கொடுப்பதே மோட்டார் வாகனத் துறைதான். அசையும் சொத்துக்கு வீட்டுக்கடன் கிடைக்காது. பொருள் வாங்கும் கடன்தான் கிடைக்கும். அதில் வட்டி அதிகம், தவணைக் காலம் குறைவு, பாதுகாப்பும் குறைவு. தவணை தவறினால் வழக்கமான வீட்டை ஏலத்துக்குக் கொண்டுவர ஆகும் காலத்தைவிட வெகு விரைவில் இந்த வீட்டைப் பறிமுதல் செய்ய முடியும்.

இதே வீட்டை அசையாச் சொத்தாக மாற்ற வழி உண்டு. பொதுவாக, அதை நிரந்தர அடித்தளத்தின்மேல் நிறுத்தி, பழைய உரிமைச் சான்றை ஒப்படைத்து, நிலத்தோடு சேர்த்துப் பதிவு செய்ய வேண்டும். நிரந்தர அடித்தளம் எது, அடுக்கிவைத்த கல் எது என்று பிரிக்கக் கூட்டரசின் வீட்டுவசதித் துறை தனி வழிகாட்டிப் புத்தகமே போட்டிருக்கிறது. ஆனால் நிரந்தர அடித்தளம் யார் போடுவார்? நிலம் சொந்தமாக உள்ளவர்தான். அடுத்தவர் மண்ணில் யாராவது பல ஆயிரம் டாலர் செலவழித்து கான்கிரீட் ஊற்றுவாரா? நிலம் இல்லாததால் அடுக்குக் கல்; அடுக்குக் கல் என்பதால் அசையும் சொத்து; அசையும் சொத்து என்பதால் அதிக வட்டி; அதிக வட்டி கட்டுவதால் நிலம் வாங்கச் சேமிப்பு இல்லை. எந்த முனையில் பிடித்து இழுத்தாலும் நிலத்தில்தான் வந்து முட்டும்.

இந்த வீடுகளில் கணிசமானவை 'பார்க்' என்று சொல்லப்படும் குடியிருப்புகளில் நிற்கின்றன. பார்க் ஒருவருக்குச் சொந்தம். வீடு குடியிருப்பவருக்குச் சொந்தம். அடிமண்ணுக்கு மாதாமாதம் வாடகை. நம் ஊரில் கோயில் நிலத்தில் வீடு கட்டியவர்கள் 'அடிமனை வாடகை' கட்டுகிறார்களே, அதே ஏற்பாடு. வாடகை ஏறினால் என்ன செய்வது? "மொபைல் வீடுதானே, இழுத்துக்கொண்டு போகட்டும்" என்று சொல்லலாம். ஆனால் தூணிலிருந்து இறக்கி, சக்கரம் பூட்டி, அனுமதி வாங்கி, வேறிடத்தில் மறுபடியும் தூண் எழுப்பி, மட்டம் பார்த்து, குழாயும் மின்கம்பியும் இணைக்கப் பல ஆயிரம் டாலர் ஆகும். பழைய வீடுகள் பயணத்தைத் தாங்குவதில்லை. பழைய வீடுகளைப் பல பார்க்குகள் ஏற்பதும் இல்லை. பெரும்பாலான வீடுகள் ஒருமுறை நின்றால் நின்றதுதான். பெயரில் மட்டுமே அது நகரும் வீடு.

இது பார்க் உரிமையாளருக்கு நன்றாகத் தெரியும். கடந்த இருபது ஆண்டுகளில் பெரும் முதலீட்டு நிறுவனங்கள் பார்க்குகளை வாங்கிக் குவித்ததற்குக் காரணம் இதுதான். வீட்டைப் பேணும் செலவு குடியிருப்பவருடையது, வாடகை நிலத்துக்காரருக்கு, குடியிருப்பவரால் கிளம்பவும் முடியாது. இதைவிடப் பத்திரமான முதலீடு எது?

இப்போது ஒரு குறிப்பிட்ட ஊரைப் பார்ப்போம். அலபாமா மாநிலத்தின் லவுண்ட்ஸ் கவுன்ட்டி. நம் வரலாற்றோடு நேரடித் தொடர்புள்ள ஊர் அது. 1965இன் தொடக்கத்தில் அங்கே மக்கள்தொகையில் ஏறத்தாழ ஐந்தில் நால்வர் கறுப்பினத்தவர். வாக்காளர் பட்டியலில் ஒரு கறுப்பினப் பெயர்கூட இல்லை. செல்மாவிலிருந்து மாண்ட்கமரிக்கு மார்ட்டின் லூதர் கிங் நடத்திய பேரணி அந்தக் கவுன்ட்டி வழியாகத்தான் போனது. அதன்பின் ஸ்டோக்லி கார்மைக்கேல் முதலான இளைஞர்கள் அங்கே தங்கி வேலை செய்தார்கள். 1966இல் உள்ளூர் மக்கள் சொந்தக் கட்சி கட்டி, அதற்குக் கருஞ்சிறுத்தையைச் சின்னமாக வைத்தார்கள். அந்தச் சிறுத்தையைத்தான் ஓக்லாந்தில் தோன்றிய பிளாக் பேந்தர் கட்சி எடுத்துக்கொண்டது. அந்தப் பெயரிலிருந்துதான் 1972இல் மும்பையில் தலித் பேந்தர்ஸ் பிறந்தது. தமிழ்நாட்டின் சிறுத்தைகளும் அந்த வழியில் வந்தவர்கள்தான்.

லவுண்ட்ஸில் வாக்காளராகப் பதிவு செய்தவர்களுக்கு என்ன ஆனது? குத்தகைக்கு உழுதவர்களை வெள்ளை நிலவுடைமையாளர்கள் வீட்டைவிட்டு வெளியேற்றினார்கள். வீடு நின்ற மண் நிலவுடைமையாளருடையது, அவ்வளவுதான். வெளியேற்றப்பட்ட குடும்பங்களுக்காக 1965 டிசம்பரில் நெடுஞ்சாலை ஓரத்தில் கூடாரங்கள் எழுந்தன. 'டென்ட் சிட்டி' என்று அதற்குப் பெயர். சில குடும்பங்கள் இரண்டு ஆண்டுகளுக்கும் மேலாகக் கூடாரத்தில் வாழ்ந்தன. வாக்குரிமைச் சட்டம் கையில் இருந்தது. அதைப் பயன்படுத்த நின்றுகொள்ளச் சொந்த மண் இல்லை.

இன்று அதே கவுன்ட்டியில் ஏராளமான கறுப்பினக் குடும்பங்கள் மொபைல் வீடுகளில் வாழ்கின்றன. பலருக்குக் குடும்ப நிலம் இருக்கிறது. ஆனால் அது தாத்தா காலத்திலிருந்து பாகம் பிரிக்காமல், தெளிவான பத்திரம் இல்லாமல் கிடக்கிறது. நம் ஊர்க் கூட்டுப் பட்டா போல. வங்கி அதை நம்பிக் கடன் கொடுக்காது. அந்த மண்ணோ கரிசல் மாதிரியான களிமண். நனைந்தால் ஊதும், காய்ந்தால் பிளக்கும். பருத்திக்கு ஏற்ற மண் என்பதால்தான் முன்னோர்களை அடிமைகளாக அங்கே கொண்டுவந்து இறக்கினார்கள். பருத்தி விளைத்த அதே களிமண் இன்று அடுக்குக் கல் தூண்களை அசைக்கிறது; கழிவுநீரையும் உறிஞ்ச மறுக்கிறது. செப்டிக் டேங்க் வேலை செய்யாமல் கழிவு வீட்டு முற்றத்திலேயே தேங்குகிறது. பொதுச் சாக்கடை பல இடங்களில் எட்டவில்லை. இதற்கு அரசு பல ஆண்டுகளாகச் செய்தது, சரியான கழிவுநீர் அமைப்பு இல்லாதவர்கள்மேல் குற்ற நடவடிக்கை எடுப்பதாக மிரட்டுவது. உள்ளூர்ப் பெண்ணான கேத்தரின் கோல்மன் ஃபிளவர்ஸ் போன்றவர்கள் பல ஆண்டுகள் போராடிய பிறகு 2021இல் கூட்டரசின் நீதித்துறை விசாரணை தொடங்கியது. 2023இல் மாநிலச் சுகாதாரத் துறையோடு உடன்பாடு எட்டப்பட்டது. குற்ற நடவடிக்கை நிறுத்தப்பட்டது. 2025 ஏப்ரலில் டிரம்ப் அரசு அந்த உடன்பாட்டையே முடித்துவைத்தது.

லவுண்ட்ஸ் நமக்குச் சொல்வது இது. வீடு மட்டும் போதாது. நிலம் வேண்டும். நிலம் மட்டும் போதாது. தெளிவான பத்திரம் வேண்டும். பத்திரமும் போதாது, அந்த மண்ணுக்கு ஏற்ற அடித்தளமும் வடிகாலும் பொதுச் செலவில் வேண்டும். இவற்றில் ஒன்றை மட்டும் கொடுத்துவிட்டு 'கொடுத்துவிட்டோம்' என்று கணக்கு எழுதுவது எந்த அரசுக்கும் எளிது.

தமிழ்நாட்டில் இந்தக் கணக்கு நூறாண்டுக்கு மேல் பழையது. 1891இல் செங்கல்பட்டு ஆட்சியர் ட்ரெமென்ஹீர் எழுதிய அறிக்கையில், பறையர்கள் குடியிருக்கும் மனையே மிராசுதார் பிடியில் இருப்பது பெரிய குறையாக வருகிறது. எதிர்த்துப் பேசினால் குடிசையைப் பிடுங்கலாம். அந்த அறிக்கையின் தொடர்ச்சிதான் 1892இன் பஞ்சமி நில ஆணை. 1947இல் அண்ணல் அம்பேத்கர் 'மாநிலங்களும் சிறுபான்மையினரும்' என்ற மனுவில் தீண்டப்படாதோருக்குத் தனிக் குடியேற்றம் அமைக்க ஓர் ஆணையம் கேட்டார். ஊராருடைய நிலத்தை அண்டி வாழும்வரை எந்த உரிமையும் காகிதத்தில்தான் இருக்கும் என்பது அவருக்குத் தெரியும். விவசாயத் தொழிலாளரைக் குடியிருப்பிலிருந்து வெளியேற்றக் கூடாது என்று 1961இல் ஒரு சட்டம் வந்தது. அந்த மனையே அவர்களுக்குச் சொந்தம் என்று சொல்ல 1971இன் குடியிருப்புச் சட்டம் வரை காத்திருக்க வேண்டியிருந்தது. குடிசை எப்போதும் நம்முடையதாகத்தான் இருந்தது. அடிமண்தான் சண்டை.

"முதலில் தலைக்கு மேல் கூரை வேண்டாமா? நிலம், பத்திரம் என்று பேசிக்கொண்டிருந்தால் ஏழை தெருவிலேயே கிடக்க வேண்டியதுதான்" என்று நம் தோழர்களே சிலர் கேட்கலாம். நியாயமான கேள்வி. தொழிற்சாலை வீடு மோசமான வீடு என்று நாம் சொல்லவில்லை. மட்டமாக நிறுத்தி, வடிகால் அமைத்துப் பேணினால் அது பல பத்தாண்டுகள் நிற்கும். அதை வாங்கியவர்கள் ஏமாளிகளும் அல்லர். கையில் இருந்த காசுக்குக் கிடைத்ததில் நல்லதைத் தேர்ந்தவர்கள். ஆனால் கூரையை முதலில் கொடுத்து நிலத்தைப் பிறகு பார்க்கலாம் என்று விட்ட இடங்களில் அந்தப் 'பிறகு' தானாக வந்ததில்லை. மக்கள் அமைப்பாகத் திரண்டு கேட்ட இடத்தில்தான் வந்தது.

அமெரிக்காவிலேயே அதற்கு எடுத்துக்காட்டு உண்டு. 1984இல் நியூ ஹாம்ப்ஷயர் மாநிலத்தின் மெரிடித் என்ற ஊரில், விற்பனைக்கு வந்த பார்க்கைக் குடியிருப்போரே கூட்டுறவாகச் சேர்ந்து வாங்கினார்கள். வீட்டுக்கு ஓர் ஓட்டு. வாடகையை அவர்களே முடிவு செய்தார்கள். பின்னர் அந்த மாநிலத்தில், பார்க்கை விற்பதற்கு 60 நாள் முன்பே குடியிருப்போருக்கு அறிவிக்க வேண்டும் என்று சட்டமும் வந்தது. இந்த முறையைப் பரப்ப 2008இல் தனி அமைப்பு உருவானது. இன்று 300க்கும் மேற்பட்ட குடியிருப்புகள் இப்படிக் குடியிருப்போர் கையில் இருக்கின்றன. அங்கேயும் அதே ஹாலோ பிளாக்தான், அதே ஆப்புதான். ஆனால் மழைநீர் தேங்கினால் கூட்டம் போட்டு வடிகால் வெட்ட முடிகிறது; நாளைக்கு யாரும் கிளம்பச் சொல்ல மாட்டார்கள் என்ற தைரியத்தில் தூணுக்குச் செலவழிக்க முடிகிறது.

ஆகவே களத்துக்குப் போகும் மாணவர்களுக்கும் இளம் தோழர்களுக்கும் நாம் சொல்வது இதுதான். மீள்குடியேற்றமானாலும், தொகுப்பு வீடானாலும், புயலுக்குப் பின் தரப்படும் தற்காலிக வீடானாலும், வண்ணம் பூசிய முகப்பைப் படம் எடுப்பதற்கு முன் சில கேள்விகளைக் கேளுங்கள். அடிமனை யார் பெயரில் இருக்கிறது? காகிதம் பட்டாவா, வெறும் ஒதுக்கீட்டு ஆணையா? பட்டா என்றால் கிராமக் கணக்கில் ஏறியிருக்கிறதா? மனை ஏரிக்கரையா, ஓடைப் புறம்போக்கா, கரிசலா, நிரப்பிய மண்ணா? அந்த மண்ணுக்கு ஏற்ற அடித்தளம் போட்டார்களா? மழைநீர் எந்தப் பக்கம் ஓடுகிறது? பத்து ஆண்டு கழித்து விரிசல் விட்டால் செலவு யாருடையது? பதில்களை எழுதி வையுங்கள். தேதி போடுங்கள். தகவல் உரிமைச் சட்டத்தில் மனுப் போட்டு, நீங்கள் எழுதியதையும் அலுவலகம் சொல்வதையும் ஒப்பிடுங்கள். கிராம சபையில் அதை வாசியுங்கள்.

வீடு கொடுத்தோம் என்று சொல்பவர்களிடம் நாம் கேட்க வேண்டியது, அது எதன்மேல் நிற்கிறது என்பதைத்தான்.